பெரிய இடத்துத் தொங்கட்டான்

"வேணாம்ப்பா, எரியுதுப்பா!"

"ஒண்ணுமில்லடா செல்லம், இதோ போயிடுச்சு பாரு" என்று ஆறாவது முறையாகச் சொன்னார் சூப்பர்வைசர். எதுவும் எங்கும் போகவில்லை. தொங்கட்டானின் கொக்கி, மகளின் காது ஓட்டைக்கு வெளியிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

காது குத்தி ஒன்பது நாள்தான் ஆகிறது. குத்தியவர், "ஆறு வாரத்துக்கு இந்தப் பொட்டுத் தோட்டைக் கழட்டக் கூடாது" என்று தெளிவாகத்தான் சொல்லியனுப்பினார். ஆனால் ஊரார் சொல்வதைக் கேட்டு நடப்பதற்கா அவர் சூப்பர்வைசர் ஆனார்? பதினோரு வருடமாகக் கிடங்கில் அவர் பார்த்துவரும் ஒரே வேலை, யார் சொல்வதையும் கேட்காமல் இருப்பதுதான்.

இன்று அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்து மணிக்கு மேனேஜர் மனைவியோடு வீட்டுக்கு வருகிறார். நாளை காலை, கிடங்கு முழுவதற்கும் தலைமை அதிகாரி யார் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார். போன வாரம்தான் மேனேஜரின் டிரைவர் ஒரு வெல்வெட் பெட்டியை சூப்பர்வைசரின் மேசையில் வைத்து, "மேடம் குடுத்தனுப்பினாங்க" என்றுவிட்டுப் போனார். திறந்தால் இந்தத் தொங்கட்டான். மகளுக்குக் காது குத்த லீவு போட்டவர் அல்லவா சூப்பர்வைசர்! பெட்டி யாருக்கென்று கேட்கவும் வேண்டுமா?

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, இது பெரியவங்க போடுறது மாதிரியில்ல இருக்கு? பச்சைப்புள்ளைக்கு இவ்ளோ கனமா யாராவது குடுப்பாங்களா?"

"உனக்குப் பெரிய இடத்துப் பழக்கவழக்கம் தெரியாது. பெரிய மனுஷங்க பெருசாத்தான் குடுப்பாங்க. நீ அந்த ரிப்போர்ட்ட முடி."

அவள் திரும்பிக்கொண்டாள். மாதாமாதம் கிடங்கு ரிப்போர்ட்டை எழுதுவதும், தன் மெயிலிலிருந்து மேனேஜருக்கு அனுப்புவதும் அவள். அடியில் கையெழுத்துப் போடுவது அவர். 'உங்கள் ரிப்போர்ட் பிரமாதம்' என்று மேனேஜர் சொன்னபோது, தன் கையெழுத்தைத்தான் புகழ்கிறார் என்பதுபோல் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டவர்.

எண்ணெய் தடவியதும் கொக்கி ஒருவழியாக உள்ளே போனது. மகள் வீல் என்று கத்தினாள். கனத்தில் காதுமடல் தொங்கிச் சிவந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கனம்தானே பிரச்சினை?" என்று ஒரு நூலை எடுத்து, தொங்கட்டானைத் தூக்கிக் காதோடு சேர்த்துக் கட்டினார். கிடங்கில் மூட்டை கட்டிய கை. குழந்தையும் அனுப்பத் தயாரான சரக்கு மாதிரியே ஆகிவிட்டது.

அப்போது அக்கா போன் செய்தாள். "டேய் தம்பி, அஞ்சு மணிக்கு வரேன். நான் வாங்கிக் குடுத்த கல் தோடுதான போட்டிருக்கா பாப்பா?"

"அதேதான்க்கா! கழட்டவே மாட்டேங்குறா."

வேறென்ன சொல்வார்? அக்கா வீட்டுக்காரரின் காரில்தான் தினமும் வேலைக்குப் போகிறார். மேனேஜரம்மாவையும் பகைக்க முடியாது, அக்காவையும் பகைக்க முடியாது. குழந்தைக்கு இருப்பதோ இரண்டு காது. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. இரண்டு காது!

வலது காதில் தொங்கட்டான், இடது காதில் கல் தோடு. நடுவில் முக்காலி. வலப்பக்கம் மேனேஜர் தம்பதி, இடப்பக்கம் அக்கா.

"தலைய ஆட்டவே கூடாது, தெரியுதா?"

"அழுதா ஆடுமேப்பா?"

"அழாத."

ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகவே வந்தார்கள். மேனேஜர், காற்று வரும் இடமென்று மனைவியோடு இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அக்கா வலப்பக்கம் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் முக்காலியைக் குழந்தையோடு அப்படியே திருப்பினார். "பாப்பாவுக்கு சுவத்தப் பாத்து உக்காந்தாத்தான் புடிக்கும் சார்" என்று இளித்தார்.

அக்கா எழுந்து மேனேஜரம்மா பக்கத்திலேயே வந்து அமர்ந்தாள். உடனே ஒரு துண்டு குழந்தையின் தலைக்கு ஏறியது.

"என்னடா இது முக்காடு?"

"சளிக்கா. காத்து படக் கூடாது."

"சளிக்கு முன்னாடி புழுங்கியே செத்துடும் புள்ள" என்று அக்கா துண்டை இழுத்தாள்.

இடது காதில் கல் மின்னியது. வலது காதில் நூல் கட்டு. அதற்குள் பழுத்த மிளகாய் மாதிரி ஒரு மடல். குழந்தை சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. சத்தம் போட்டால் தலை ஆடும் என்று பயம்.

"நான் குடுத்ததுல இன்னொண்ணு எங்கடா?"

"அது... ரெண்டு பேர் அன்பும் வேணும்னு... ஆளுக்கு ஒரு காதா..."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளையிலேருந்து பஸ்ஸுல போ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மேனேஜரம்மா குழந்தையை மடியில் இழுத்து, நூலை அவிழ்த்து, கொக்கியை மெல்லக் கழற்றினாள். குழந்தை அவள் தோளில் சாய்ந்து, இப்போதுதான் வாய்விட்டு அழுதது.

கார் போனால் என்ன, பதவி இருக்கிறது! சூப்பர்வைசர் அந்த அழுகைக்கு நடுவிலும் குழைந்தார். "நீங்க ஆசையாக் குடுத்ததாச்சே மேடம். எவ்ளோ வலிச்சாலும் கழட்ட மாட்டேன்னு ஒரே அடம்."

மேனேஜரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், லேப்டாப் அருகே நின்றிருந்த அவர் மனைவியின் கையில் தொங்கட்டானை வைத்துச் சொன்னாள்:

"இது பாப்பாவுக்கு இல்லம்மா, மாசாமாசம் இவரோட ரிப்போர்ட்ட எழுதிக் குடுக்கிற உனக்குன்னு சார் பாத்துப் பாத்து வாங்கினது."