மைக் வந்துட்டு

"ஒண்ணு, ரெண்டு, மூணு… கேக்குதா ரோஸ்லின்?"

"நல்லாக் கேக்குது சார்."

"நாலு, அஞ்சு… மத்தியானம் என்ன சாப்பாடு?"

"சார், மைக் வந்துட்டு!"

லைன் செத்தது. சம்பந்தம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் அவனிடம் அன்று யாராவது பேசியது அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக் கடையில்கூட டோக்கனைக் காட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை.

அவன் வேலை ரேடியோ அலைவரிசையில். அலைவரிசைக்கு உரிமைக்காரன் ஒருவன் இருப்பான். அவன் சும்மா இருக்கும்போது அடுத்தவர்கள் நைசாக நுழைந்து தகவல் அனுப்பலாம். அவன் வந்தால் மரியாதையாக விலகிவிட வேண்டும். கிடைத்த இடைவெளியில் பேச்சு, படம், மெயில் மூன்றில் எது முதலில் போவது என்று வரிசை போடுவதுதான் சம்பந்தம் எழுதிய ப்ரோக்ராம்.

இங்கே உரிமைக்காரன், சோதனைக்காக மறுமுனையில் ரோஸ்லின் உட்காரும் ஆபீஸ் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த ஃபங்ஷன் ஹாலின் கார்ட்லெஸ் மைக். மைக் பேசினால் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். ரோஸ்லின் மேஜையில் ஒரு சிவப்புப் பட்டனும் உண்டு. அதை அழுத்தினால் மைக் வந்துவிட்டதாகவே ரேடியோ நம்பிவிடும். சோதனைக்காகச் சம்பந்தமே ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தது.

இருக்கிற இடைவெளியைப் பேச்சுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்து, படத்தையும் மெயிலையும் பின்னால் தள்ளினான்.

"இப்போ எப்படி ரோஸ்லின்?"

"பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு சார்."

சம்பந்தத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"சார், மைக் வந்துட்டு!"

அடுத்து வந்தது மேனேஜர் ராஜகோபால். "காலையில அனுப்பின மெயில் இன்னும் வரிசையிலேயே நிக்குது. இங்க என்ன ரேஷன் கடையா நடத்தறே?"

"பேச்சுக்கு முன்னுரிமை சார்."

"அப்படி யாரு பேசறா?"

சம்பந்தம் மறுபடி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஒண்ணு ரெண்டு எண்ணுவதில்தான் நேரம் வீணாகிறது என்று பிறகு அவனுக்குத் தோன்றியது. மறுநாள் நேரே விஷயத்துக்கு வந்தான்.

"ரோஸ்லின், ஒரு சினிமா…"

"மைக் சார்!"

வாக்கியம் முடிவதற்குள் எவனுக்கோ முகூர்த்தம் வந்துவிட்டது. ஹைதராபாத்தில் தன்னைத் தவிர அத்தனை பேருக்கும் கல்யாணம் நடக்கிறது என்று சம்பந்தத்துக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

"வெள்ளிக்கிழமையோட உன் டெஸ்ட்டை முடிச்சுக்கோ. அந்தப் பொண்ணு வேற டீமுக்குப் போகுது" என்றார் ராஜகோபால்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சம்பந்தம் ஒரு டப்பா ஸ்வீட்டோடு ஃபங்ஷன் ஹாலுக்கே போய் நின்றான். கேட்டருகே நாற்காலியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சம்பந்தத்தின் தெலுங்கைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா சார்? நம்மளும்தான். தாத்தா காலத்துலேர்ந்து செகந்திராபாத்."

"அப்ப நீங்கதான் உதவணும் அண்ணே. ஒரு பத்து நிமிஷம் உள்ளே மைக்கை நிறுத்தச் சொல்லுங்க. ஒரு பொண்ணுகிட்ட ஒரே ஒரு விஷயம் முழுசாப் பேசி முடிச்சுடறேன். இன்னிக்கு விட்டா இனிமே பேசவே முடியாது."

வாட்ச்மேன் டப்பாவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"ஸ்வீட்டெல்லாம் நக்கோ, வேணாம் சார், உக்காருங்க, இது ஆஷாட மாசம், நம்ம ஆடி மாதிரி, யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க, அமாவாசையிலேர்ந்து ஹால் பூட்டியே கெடக்கு, மைக் சத்தம் கேட்டே எத்தனையோ நாளாச்சு."