வெண்பருந்தின் கடைசி எபிசோடு

கையெழுத்து வரிசையில் கூட்டாளி நட்டுவைப் பார்த்ததுமே, சலூன்காரன் ரேடியோ திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தான். வேண்டுமென்றே தாமதமாகத்தான் வந்திருந்தான். ‘ஒருத்தருக்குப் பாதி மீசைதான் எடுத்திருக்கேன், மீதியை அப்படியே விட்டுட்டு எப்படிடா வர்றது?’ என்று போனில் ஒரு புளுகு புளுகிவிட்டு, ஆளே இல்லாத சலூனில் உட்கார்ந்து கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் கூட்டம் முண்டியடித்து, டோக்கன் தீர்ந்துபோய், ‘சரி விடு, நமக்குக் கொடுத்துவைக்கல’ என்று இருவரும் வீடு திரும்பிவிடலாம் என்பது அவன் போட்ட கணக்கு.

நட்டுவா தோற்கிற ஆள்? மண்டபம் திறப்பதற்கு முன்பே வந்து இரண்டு டோக்கன் வாங்கி வைத்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இரண்டு கையிலும் மட்டும் கிரீஸ்.

“என்னடா கை இது?”

“பின்பக்க லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. நம்ம கம்பெனி போட்டதுதான். வாட்ச்மேன் என்னைப் பார்த்துட்டு ஓடி வந்தார். போய்க் கை வெச்சுட்டு வந்தேன்.”

“லீவு நாள்லயுமா? உன்னைத் திருத்தவே முடியாதுடா.”

“உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டு இருக்கும்போது லீவுன்னு சொல்ல முடியுமா?” என்று நட்டு சிரித்தான். காலையிலிருந்தே அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். அந்த உற்சாகம்தான் ரேடியோவைக் கொன்றது.

இவர்களுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். பள்ளிக்கூட நாளில் தொலைக்காட்சியில் ‘வெண்பருந்து’ என்று ஒரு தொடர் வந்தது. வெண்பருந்து என்பது ஒரு விண்கலம். அதற்கு ஒரு கேப்டன், ஒரு இன்ஜினியர், எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு செய்தித்தொடர்பு ஆள். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்தவன் நட்டு ஆனான். வாயை மூடத் தெரியாதவன் ரேடியோ ஆனான். நட்டு வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக்கானான். ரேடியோ சலூன் வைத்தான். வாய்க்கு அதைவிடத் தோதான தொழில் வேறென்ன இருக்கிறது?

அந்தத் தொடரின் கேப்டன்தான் இன்று ஊருக்கு வந்து, ரசிகர்களுக்குப் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். சந்தோஷமான விஷயம்தானே? ரேடியோவுக்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

சிறுவனாக இருந்தபோது காலில் அடிபட்டு நட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். வார்டில் டி.வி. கிடையாது. வாராவாரம் ரேடியோ போய், கட்டில் பக்கத்தில் நின்று, கேப்டனாகவும் இன்ஜினியராகவும் ராக்கெட் சத்தமாகவும் மாறி மாறி எபிசோடு முழுவதையும் நடித்துக் காட்டுவான். ஒரு வாரம், இருட்டு நிலாவில் இன்ஜினியர் தனியாக மாட்டிக்கொள்ள, வெண்பருந்து அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. அதற்கு அடுத்த வாரம் அந்த நேரத்தில் வேறு ஏதோ பாட்டு நிகழ்ச்சி ஓடியது. தொடரை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பார்த்து நட்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கேப்டன் திரும்பி வந்தாரா? அதைச் சொல்லு. அப்பதான் நான் நாளைக்கு ஆபரேஷனுக்குப் போவேன்” என்றான்.

ரேடியோ என்ன செய்வான்? கட்டிவிட்டான் ஒரு கதையை. கேப்டன் மேலிடத்து உத்தரவையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டுக் கப்பலைத் திருப்புகிறார். இருட்டு நிலாவில் இறங்கி, அடைத்துக்கிடக்கும் கதவைத் திறந்து, அங்கேயே நின்று சொல்கிறார்: “நீ இல்லாம இந்தக் கப்பலுக்கு வழி தெரியல.”

உண்மையில் அது கேப்டன் சொன்னதும் இல்லை, இன்ஜினியருக்குச் சொன்னதும் இல்லை. நட்டு வராத பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போய்வந்த ஒரு பையன் நேரடியாகச் சொல்ல வெட்கப்பட்டு, கேப்டன் வாயில் போட்டு அனுப்பியது.

நட்டு ஆபரேஷனுக்குப் போனான். லேசான நொண்டலோடு காலும் சரியானது. அந்தப் பொய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போகும்போதும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதும், நட்டு அந்த வசனத்தைத்தான் எடுத்துவிடுவான். “ஊர்ல எவன் வேணா என்கிட்ட பொய் சொல்வான், இவன் சொல்ல மாட்டான்” என்று ரேடியோவைப் பற்றிக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான்.

அடுத்த வாரம் நட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய்த் தங்கிவிடப் போகிறான். ஒரேயடியாக. போவதற்கு முன்னால் அவனுக்கு ஒரே ஒரு ஆசை: அந்த வசனத்தைக் கேப்டன் தன் கையால் எழுதித்தர வேண்டும்.

“வெறும் கையெழுத்து போதாதாடா? வயசான மனுஷன், கை வலிக்காதா?” என்றான் ரேடியோ.

“ஒரு வரிதானே. அங்க போயிட்டா எனக்கு யாருடா கதை சொல்லப் போறா?”

ரேடியோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ‘போகாதேடா’ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஊரெல்லாம் பேசும் வாய், அந்த ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன் என்று ஒரு மாதமாக அடம்பிடித்துக்கொண்டிருந்தது. போகிற நேரத்தில், அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டு நம்பிய கதை புளுகு என்று நட்டுவுக்குத் தெரிந்தால்? அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வழியனுப்புவது?

அப்போது பார்த்து, முன்னால் நின்ற ரோபோ திரும்பியது. அட்டைப்பெட்டிக்கு வெள்ளிக்காகிதம் ஒட்டி மாட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு வங்கி குமாஸ்தா.

“சார், உங்களுக்கு எந்த எபிசோடு ரொம்பப் பிடிக்கும்?”

“கடைசி எபிசோடு” என்றான் நட்டு, கண்ணை மூடி ரசித்து.

“கடைசின்னா? அதான் பாதியிலயே நிறுத்…”

ரேடியோ தும்மினான். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி தும்மினான். கைக்குட்டையைத் தேடுவதுபோல ரோபோவின் மேல் சாய்ந்து, காதுக்காக வெட்டியிருந்த ஓட்டையில் வாயை வைத்தான்.

“அவருக்கு உடம்பு சரியில்லைங்க. எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க.”

ரோபோவுக்கு இளகிய மனசு. முன்னால் நின்ற அம்மாவிடம் சொன்னது. அந்த அம்மா அவருக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். செய்தி வரிசையின் முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நட்டுவின் ஆயுள் சில நாட்களாகச் சுருங்கிவிட்டது.

“நீங்க முன்னாடி போங்க சார்.” “வழி விடுங்கப்பா, அவர் போகட்டும்.” “பயப்படாதீங்க, கடவுள் இருக்கார்.”

“என்னடா எல்லாரும் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறாங்க?”

“சட்டை அவ்வளவு வெள்ளையா இருக்கு, கண்ணு கூசுது.”

ஒரு மணி நேரம் தள்ளிப்போடப் பார்த்தவன், ஐந்தே நிமிஷத்தில் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இனி ஒரே வழிதான். ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ அம்மா!” என்று தரையில் உட்கார்ந்தான்.

நட்டு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. டோக்கனைச் சட்டைப்பைக்குள் திணித்தான். “எழுந்திரு, டாக்டர்கிட்ட போகலாம். கையெழுத்து கிடக்குது கழுதை.”

சொல்லும்போது அவன் கண் ஒருமுறை மேஜைப்பக்கம் போய்த் திரும்பியது. ரேடியோ அதைப் பார்த்துவிட்டான். வயிறு நிஜமாகவே வலித்தது. ‘சே, என்ன மனுஷன்டா நான்’ என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆனால் ரோபோ இருக்கிறதே, அது விட்டால்தானே? “ஐயோ பாவம், நோயாளிக்குத் துணைக்கு வந்தவரும் நோயாளியா! இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதாவது?” என்று சத்தம் போட்டு, எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் ரேடியோவைத் தூக்கி அதில் போட்டார்கள். நட்டு பின்னாலிருந்து தள்ள, கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, நாற்காலி நேராகக் கேப்டனின் மேஜையில் போய் முட்டியது.

கேப்டனுக்கு எண்பது இருக்கும். தலையில் இருந்தது விக் என்பது ரேடியோவின் தொழில்முறைக் கண்ணுக்கு உடனே தெரிந்தது. காதோரம் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து கொடுப்பதும், மை காய்ந்ததும் படங்களை உறையில் போடுவதுமாக இருந்தார்.

“சார், கடைசி எபிசோடுல கதவுகிட்ட நின்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை எழுதிக் குடுங்க” என்றான் நட்டு.

ரேடியோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். முடிந்தது கதை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேப்டன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சின்ன வயதில் டி.வி. பெட்டியை அதிரவைத்த அதே குரல்.

“நீ இல்லாம இந்தக் கப்பலுக்கு வழி தெரியல.”

மண்டபம் கைதட்டியது. ரோபோ தேம்பித் தேம்பி அழுதது. ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இது எப்படி? அப்படியானால் கடைசி எபிசோடு நிஜமாகவே எடுத்தார்களா? எங்கேயோ பார்த்ததைத்தான் தான் கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தானா? இத்தனை வருஷம் திருட்டுமுழி முழித்ததெல்லாம் தண்டமா?

கேப்டன் எழுதிக் கையெழுத்துப் போட்ட படம் உறைக்குள் போனது. நட்டு உறையை வாங்கி ரேடியோவின் மடியில் வைத்தான். “இதைப் பத்திரமா வெச்சிரு. நான் வண்டியை வாசலுக்குக் கொண்டு வர்றேன்.” கொஞ்சம் நொண்டும் அந்தப் பழைய நடையோடு கூட்டத்துக்குள் போய் மறைந்தான்.

கேப்டன் காப்பி குடிக்க உள்ளே போனார். ரேடியோ உறையைப் பிரிக்கப் போனான்.

“பிரிக்காதீங்க” என்றார் கேப்டனின் மனைவி. “அது உங்களைத் தள்ளிக்கிட்டு வந்தவரோட கூட்டாளிக்காம். பேருகூட என்னமோ ரேடியோவாம். அந்தக் கூட்டாளி இனிமே தனியா இருப்பார், சலூன் சுவத்துல மாட்டி வெச்சுக்கட்டும்னு சொல்லி எழுதி வாங்கினார். நீங்க அவருக்கு அண்ணனா?”

ரேடியோவின் கை உறையிலேயே நின்றது. எனக்கா? இவ்வளவு பாடுபட்டு இந்த மடையன் வாங்கியது எனக்கா? கண் நிறைந்துவிட்டது. நான்தான் ரேடியோ என்று சொல்லப்போனால் அழுதுவிடுவான் போலிருந்தது. ‘ஆமாம்’ என்று தலையை ஆட்டிவைத்தான். நிறையச் சொன்ன பொய்களோடு இன்னும் ஒன்று.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைசி எபிசோடு… நிஜமாவே எடுத்தாங்களா?”

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்கேங்க எடுத்தாங்க? காலையில லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட எங்களை உங்க தம்பிதான் திறந்துவிட்டார். காசு வேணாம்னுட்டு, அந்தக் கதவுகிட்டயே நின்னு இவருக்கு அந்த வசனத்தை மனப்பாடம் பண்ண வெச்சார், ‘சின்ன வயசுல எனக்காக என் கூட்டாளி கட்டின கதை சார், அது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும், எனக்குத் தெரியும்கறது மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிடக் கூடாது’ன்னு!”