பெல்ட்டுக்குப் பொறுப்பாளர்

இப்பல்லாம் எவனும் முகத்தைப் பார்த்து எதையும் கேட்பதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டித்தான். மொக்கையனுக்கு அது ஆகாது.

சக்குபள்ளத்தில் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிறவர் அவர். மதியம் டிரையரில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. வாசலில் பச்சைக்காய் மூட்டைகள். பொழுது சாய்வதற்குள் சூட்டில் ஏற்றாவிட்டால் காயின் நிறம் போய்விடும், திட்டும் அவருக்குத்தான்.

ஷெட் மூலையில்தான் ஆபீஸ். அலமாரியில் புது பெல்ட் தொங்கியது. சாவி கிளார்க் மோனிஷாவிடம்.

"கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம குடுத்தா என் வேலை போயிரும், தாத்தா. இந்த பெல்ட் பழைய டிரையருக்குச் சொந்தம்னு காட்டுது."

"அதைத்தான் பழைய இரும்புக்குப் போட்டாச்சே."

"இதுல டிரையருக்குக் கீழ மோட்டார், மோட்டாருக்குக் கீழ ஃபேன், அதுக்குக் கீழ பெல்ட். குடும்பமாச் சேத்து வச்சிருக்கு."

"அப்பன் செத்தா பிள்ளைக்கு வேற வீட்ல சோறு கெடையாதோ. புதுசுக்கு மாத்து."

மாற்றினாள். ஆணியில் தொங்கிய மொக்கையன் சட்டைக்குள் போன் முனகியது. அதன் கீழே உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த இன்பமேரி நிமிர்ந்தாள்.

"அண்ணே, போனு."

"பாட்டு வைக்கச் சொல்ற கம்பெனிக்காரன். விடு."

மோனிஷா நகத்தைக் கடித்தாள். "பழைய ஃபேனும் மோட்டாரும் கூடவே வந்திருச்சு."

"பொண்ணக் கூப்பிட்டா சம்பந்தி வீடே கெளம்பி வருதா. அதுலருந்து ஒரு மோட்டாரை எடு."

எடுத்தாள். போன் மறுபடி முனகியது.

"ஓடுற மோட்டாரை எடுத்துட்டேன் தாத்தா. மோட்டார் இல்லாத டிரையருக்கு பெல்ட் எதுக்குன்னு கேக்குது."

"அது நியாயம்தான். திரும்ப வை."

வைத்தாள். இப்போது திரையில் எதுவும் அசையவில்லை.

"எல்லாத்தையும் நிறுத்திருச்சு. டிரையர் பொறுப்பாளர் சம்மதிச்சாத்தான் தெறக்குமாம்."

"எவன் அவன்?"

"பேரு இல்ல. மேனேஜர் ரிஜின் சாராத்தான் இருக்கும்."

கூப்பிட்டாள். ரிஜின் எடுக்கவில்லை.

"எவனா இருந்தாலும் அவன் வெளங்க மாட்டான்," என்றார் மொக்கையன். "காய் இங்க வெந்து சாகுது. பொறுப்பாளன் எங்க காலை நீட்டிப் படுத்திருக்கானோ."

சட்டை திரும்பவும் முனகியது. இன்பமேரி பொறுக்கமாட்டாமல் போனை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அண்ணே, டிரையர் பொறுப்பாளர்னு போட்டு அப்பலேருந்து ஒங்ககிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கு. பெல்ட்டைக் குடுக்கலாமான்னு."

மோனிஷா மெதுவாக அலமாரிச் சாவியை எடுத்தாள். "சரின்னு அமுக்குங்க, தாத்தா."

"இன்பம், நீயே அமுக்கு."

பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மொக்கையன் டிரையரைப் பார்த்து நடந்தார்.

"கேக்கணும்னா நேர்ல வந்து கேக்கணும். சட்டைகிட்ட கேட்டா சட்டை என்ன சொல்லும்?"