இரண்டரை டன் ஞாயிற்றுக்கிழமை

கட்டின மனைவி ஒரே பேச்சில் "சரி" என்று சொல்லிவிட்டால் வேறு எந்தப் புருஷனும் சந்தோஷப்பட்டிருப்பான். பூதக்கண்ணாடியாருக்குச் சந்தேகம் வந்தது.

அவர் கேட்டது ஒன்றும் கைக்குட்டை இல்லை. வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் படகை ஏரிவரை இழுத்துப் போக ஒரு டிரக் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாள் என்னென்ன ஆட்சேபம் சொல்வாள் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார். டீசல் செலவு என்றால் ஒரு பதில். எங்கே நிறுத்துவது என்றால் ஒரு பதில். 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க' என்றால் அதற்கு மட்டும் மூன்று பதில். அம்மாளோ துணி மடித்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "சரிங்க, வாங்கிக்கலாம்" என்றாள். அத்தனை பதிலும் அவர் வாய்க்குள்ளேயே ஊசிப் போயின.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்தான வண்டிகளைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற வேலை. நசுங்கிய கதவைப் பார்த்து ஊரே ஐயோ பாவம் என்னும். இவர் குனிந்து பார்த்து, "இது பழைய நசுங்கல் ஆச்சே" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வினையே அதுதான். வெளியில் செல்லுபடியான சந்தேகம் வீட்டுக்குள்ளும் செல்லும் என்று நம்பிவிட்டார் மனுஷர்.

படகு அவர் வாங்கினதல்ல. சிநேகிதர் ஒரு பல் டாக்டர், மகளோடு இருக்கப் போகிறேன் என்று வீட்டைக் காலி செய்தபோது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. உள்ளே ஒரு குட்டி அறை, அடுப்பு வைக்க மேடை, படுக்கப் பலகை எல்லாம் உண்டு. அந்தக் காலத்துக் கெட்டி மரம். சக்கரம் வைத்த ட்ரெய்லரோடு சேர்த்து இரண்டரை டன். அது வந்து வாசலை அடைத்த நாளிலிருந்து தபால்காரர் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் உள்ளே வருகிறார்.

அதை வைத்துக்கொண்டு இவருக்கு என்ன ஆசை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், அவர் வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. கல்யாணம் ஆன நாள்முதல் அதில் மாற்றம் கிடையாது. மாமியார் நல்ல மனுஷிதான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தனியாக இருக்கிறவர். ஆறு நாள் பேச்சை வட்டியும் முதலுமாக ஏழாம் நாள் மாப்பிள்ளையிடம் பேசித் தீர்ப்பார். முட்டிவலியில் ஆரம்பித்து, எதிர்வீட்டுக்காரி கோபத்தில் புகுந்து, செத்துப்போன சொந்தக்காரர் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்பதில் வந்து நிற்கும். ஏரி நடுவில் படகை நிறுத்தி, நாலு பக்கமும் தண்ணீர், மனிதக் குரலே காதில் விழாமல் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுதான் பூதக்கண்ணாடியார் இந்த ஜென்மத்தில் கேட்ட வரம். மனைவியிடம் சொன்னதோ, "படகு சும்மா கிடந்தா மரம் இத்துப் போயிடும்" என்று.

அதற்குத்தான் அவள் சரி என்றாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஏன் சரி என்றாள்?

முதல் கடையில் ஒரு சின்ன டிரக்கைக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. "மூணு டன் தாராளமா இழுக்கும் சார்" என்றார் விற்பனையாளர். பூதக்கண்ணாடியார் சிரித்தார். இழுக்கிறதில் என்ன இருக்கிறது, நிறுத்த வேண்டாமா? ஏரிக்குப் போகும் வழியில் ஒரு இறக்கம் உண்டு. வண்டி இலேசு, பின்னால் வருவது கனம். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும், படகு நிற்காது. பின்னால் வருவது முன்னால் போகிறதைப் பிடித்துத் தள்ளி, கத்திரிக்கோல் மாதிரி மடக்கிப் போட்டுவிடும். அப்படி மடங்கிக் கிடந்தவற்றை அவர் எத்தனை பார்த்திருக்கிறார். கொக்கியில் எத்தனை கனம் அமுக்கலாம், ட்ரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா, அதை வண்டிக்குள்ளிருந்து இயக்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். விற்பனையாளர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

இரண்டாவது கடையில் இருந்தது நிஜமாகவே நல்ல வண்டி. கனமான அடிச்சட்டம், முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் நீளமான தொட்டி, கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். பூதக்கண்ணாடியார் அடியில் படுத்து எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டே மனசுக்குள் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அம்மாள் வாயைத் திறந்தாள்.

"இதையே எடுத்துக்கலாங்க."

"ஏன்?"

"பின்னாடி எவ்வளவு இடம் பாருங்க. பீரோ கட்டில்னு எது வேணா ஏத்தலாம். கியரும் இல்ல. நானே ஓட்டிடுவேன்."

பூதக்கண்ணாடியாருக்குக் காது விடைத்தது. யார் பீரோ? யார் கட்டில்? மாமியார் வீட்டில்தான் தேக்குப் பீரோவும் தேக்குக் கட்டிலும் இருக்கின்றன. ஆகவே மாமியார் சாமான்செட்டோடு இங்கேயே வந்து குடியேறப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை தப்பிக்கப் போய் ஏழு நாளும் மாட்டுவதா? நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இதற்கு நடுவே இன்னொன்றும் ஆரம்பித்தது. அம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். வேலை விட்டால் நேரே வீடு. இப்போது புதன்கிழமை மட்டும் தாமதமாக வந்தாள். கேட்டால், அம்மாவுக்கு முட்டி வலி, தைலம் தேய்த்துவிட்டு வருகிறேன் என்றாள். பூதக்கண்ணாடியார் மாமியாருக்குப் போன் போட்டார். மாமியார், "ஆமா மாப்பிள்ளை, இப்பதான் தேய்ச்சுட்டுப் போனா, தங்கமான பொண்ணு" என்று சொல்லி, அதோடு விடாமல் எதிர்வீட்டுக்காரி விஷயத்துக்கும் வந்தார். புதன்கிழமையும் போச்சு.

ஆனால் தைலம் தேய்த்த கையில் தைலம் அல்லவா மணக்க வேண்டும்? மனைவியின் கை ஓரத்தில் கறுப்பு கிரீஸ். செருப்பில் சேறு. பக்கத்தில் போனால் டீசல் வாடை. பூதக்கண்ணாடியார் இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார். பழைய சாமான் வியாபாரியைத்தான் பார்க்கிறாள். டிரக் வருவதற்குள் படகைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சரி என்றாள்.

மறுநாளே ட்ரெய்லரின் கொக்கியில் இரண்டு பூட்டுத் தொங்கியது.

"என்னங்க இது, புதுசா பூட்டு?"

"திருட்டுப் பயம்."

"ரெண்டரை டன்னை யாருங்க இடுப்புல வெச்சுத் தூக்கிட்டுப் போவான்?"

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்று ஆழமாகப் பார்த்தார். அவளும் ஆழமாகப் பார்த்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

மூன்றாவது கடைக்குப் போனபோது பூதக்கண்ணாடியார் ஒரு தீர்மானத்தோடு போனார். வண்டி படகை இழுக்க வேண்டும். அது முதல் விதி. பீரோ ஏற முடியாத வண்டியாக இருக்க வேண்டும். அம்மாள் ஓட்ட முடியாத வண்டியாகவும் இருக்க வேண்டும். கடவுள் கண் திறந்த மாதிரி அங்கே அப்படியே ஒன்று நின்றது. படகைவிட நல்ல கனம். ட்ரெய்லர் பிரேக்குக்கு உள்ளேயே விசை. பின்தொட்டி குட்டை, கட்டில் கால்கூட நீட்ட முடியாது. அதற்குப் பதிலாகப் பின்னால் மூன்று இருக்கை. தொடை உயரத்துக்குக் கியர். ஏறுவதென்றால் மலை ஏறுகிற மாதிரி.

அம்மாள் முகத்தைச் சுளித்தாள். "இது வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"எவ்வளவு உயரம் பாருங்க. அம்மாவால ஏறவே முடியாது."

"அப்படியா?"

"கியர் வேற. நான் எங்க இதை ஓட்டுறது? அந்த ரெண்டு சீட்டு வண்டியே நல்லா இருந்துச்சு."

பூதக்கண்ணாடியார் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். விற்பனையாளர் கைகுலுக்கிவிட்டு அம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வண்டி வீட்டுக்கு வந்தபோது கதவுக்கடியில் அகலமாக ஒரு படி மாட்டியிருந்தது. இலவசம் என்றார்கள். ஊரில் யார் இலவசம் என்றாலும் இரண்டு முறை குனிந்து பார்க்கிறவர், அன்றைக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டார். ஜெயித்த மயக்கம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சமையலறையில் விளக்கு எரிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பூனை மாதிரி வெளியே வந்தார். இரண்டு பூட்டையும் திறந்தார். கொக்கியை மாட்டினார். சங்கிலியைக் குறுக்கே போட்டார். விளக்குக் கம்பியைச் செருகி, பின்விளக்கு எரிகிறதா என்று சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். ஒரு குறை கிடையாது. நெஞ்சு நிறைந்துபோய் வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தார்.

அங்கேதான் சனி பிடித்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் படகு வலது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போனது. திருத்தப் பார்த்தால் இரண்டும் கோபித்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்து நின்றன. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். படகின் பின்புறம் கேட் தூணை ஒரு முழம் நெருங்கியபோது வண்டி ஜன்னல் ஓரம் மனைவி டீயோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு எடை இழுக்கத் தனி லைசென்ஸ் வேணுமே. எடுத்துட்டீங்களா?"

பூதக்கண்ணாடியார் பிரேக்கை மிதித்தார். அந்த ஒரே காரணத்துக்காக எத்தனை பேர் இன்சூரன்ஸ் கோரிக்கையை அவர் கையாலேயே தள்ளுபடி செய்திருக்கிறார். வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தவர், ஓட்டுகிறவனைப் பார்க்க மறந்துவிட்டார்.

"நாளைக்குப் போய் எடுத்தாப் போச்சு" என்றார்.

"இன்னிக்கு யாரு ஓட்டுறது?"

"ஏன், நீ எடுத்து வெச்சிருக்கியா?" என்று குத்தலாகக் கேட்டார்.

"போன புதன்கிழமை பாஸ் பண்ணேன். கொஞ்சம் நகருங்க."

அவர் நகர்ந்தார். வேறென்ன செய்வார்? அம்மாள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்து, கியரைப் பழைய சிநேகிதி மாதிரி பிடித்து, இரண்டரை டன்னை ஒரே எடுப்பில் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நேராக நிறுத்தினாள். கிரீஸும் சேறும் டீசல் வாடையும், மாமியார் போனில் சொன்ன தைலப் பொய்யும் பூதக்கண்ணாடியாருக்கு ஒவ்வொன்றாக விளங்கின.

"கியர் வண்டி வேணாம்னு நீதானே சொன்னே?"

"பழகினதே அந்தக் கடைக்காரர்கிட்ட, இதே வண்டியிலதான். வேணும்னு சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

அவர் அழுதுவிடுவார்போல இருந்தது. கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். "சரி, ஏரிக்கரையில என்னை இறக்கி விட்டுட்டு நீ அம்மா வீட்டுக்குப் போ. பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க."

"தனியா ஏரிக்கு நடுவுல போய் உக்காரணும், அதுதானே? ராத்திரி ராத்திரி தூக்கத்துல அதைத்தானே புலம்புறீங்க." அம்மாள் கோபமே இல்லாமல் சொன்னாள். "ஏறுங்க. அம்மாவும் தயாரா இருப்பாங்க. அவங்களும் நாலு சுவத்தையே பார்த்துக்கிட்டு எத்தனை வருஷங்க இருப்பாங்க?"

மாமியார் அந்தப் புதுப் படியில் கால் வைத்து, முட்டியை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்தார். பூதக்கண்ணாடியார் பின்னிருக்கையில் சாப்பாட்டுக் கூடையோடு. இறக்கத்தில் வண்டி அலுங்கவில்லை, படகு தள்ளவில்லை. நிபுணர் தேர்ந்தெடுத்த வண்டி அல்லவா?

ஏரி அவர் கனவில் கண்டது போலவே இருந்தது. கரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாலு பக்கமும் தண்ணீர். மாமியார் காற்று வாங்கிக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்து, "உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை, எங்க ஒண்ணுவிட்ட பெரியப்பாவும் இப்படித்தான், நல்லாத்தான் இருந்தார்..." என்று தொடங்கினார். மாமியார் வீட்டிலாவது, இந்தக் கட்டம் வரும்போது பூதக்கண்ணாடியார் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனை வரை போய்விடுவார். பழக்க தோஷத்தில் இப்போதும் எழுந்து, செருப்பைத் தேடினார்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "இது நடு ஏரி. உக்காருங்க."