மதியக் காட்சி முடியக் கூடாது

ஷட்டர் பாதியில் நின்றிருந்தால்கூட தியேட்டர் மேனேஜர் குனிந்து வெளியே போயிருப்பார். அது முழுசாக இறங்கி, தரையைத் தொட்டு, மோட்டாரிலிருந்து ஒரு கருகல் வாடையைக் கிளப்பிவிட்டுத்தான் உயிரை விட்டது.

"சார்!" வெளியிலிருந்து வாட்ச்மேனின் குரல் கேட்டது. "வெயில் அடிக்குதேன்னு கொஞ்சம் இறக்கினேன். அது பாட்டுக்கு இறங்கிருச்சு."

"ஏத்துய்யா!"

"பட்டனை அமுக்கினா புகை வருது சார்."

"அப்ப அமுக்காதே!"

"அமுக்கல சார். நீங்க சொன்னா அமுக்குறேன்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பின்பக்கக் கதவு என்று ஒன்று இருந்தது. அந்த வழியாக டிக்கெட் வாங்காமல் ஆட்கள் நுழைகிறார்கள் என்று போன வாரம்தான் அவரே பக்கத்தில் நின்று வெல்டிங் வைத்து அடைத்தார். எட்டி உதைத்துப் பார்த்து, "பிரமாதம்" என்று வெல்டரைப் பாராட்டவும் செய்தார்.

"அந்த வெல்டரையே கூப்பிடு!"

"கூப்பிட்டுட்டேன் சார். சாப்பிட்டுட்டு வர்றேங்குறார்."

உள்ளே இடைவேளை முடிந்து படம் சூடு பிடித்திருந்தது. பனிமலை உச்சியில் ஒரு மரவீட்டுக்குள் மாட்டிக்கொண்ட கூட்டத்தின் கதை. கதவைப் பனி மூடிவிடும். முதலில் இருக்கிற பிஸ்கட்டைப் பங்கு போடுவார்கள். அப்புறம் போர்வைக்குச் சண்டை. அதற்கும் அப்புறம், இருப்பதிலேயே குண்டான சமையல்காரரை எல்லோரும் ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். தினமும் பார்த்துப் பார்த்து மேனேஜருக்குப் படம் மனப்பாடம். பூட்டின இடத்தில் மனுஷன் மனுஷனாக இருக்க மாட்டான் என்பது அவர் அதிலிருந்து தெரிந்துகொண்ட பாடம்.

இப்போது அரங்கு நிறைய ஜனம். கைக்குழந்தையோடு ஒரு பெண்கூட வந்திருந்தாள். கதவு திறக்காது என்று தெரிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். யாராவது மிதிபட்டுச் செத்தால்? போதாக்குறைக்கு அவரும் கொஞ்சம் குண்டு.

மாடிப்படிகளில் மூச்சு வாங்க ஏறி ஆபரேட்டர் அறைக்குள் விழுந்தார்.

"படம் முடிய எவ்வளவு நேரமிருக்கு?"

"கிளைமாக்ஸ் வந்தாச்சு சார்."

"முடியக் கூடாது. இடைவேளையிலேருந்து திரும்பப் போடு."

"சமையல்காரர் இப்பதானே சார் செத்தாரு?"

"எழுப்பு!"

திரையில் சமையல்காரர் எழுந்து வந்து சூப் கிண்டினார். மேனேஜர் ஜன்னல் ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். விசில் பறக்கும், நாற்காலி கிழியும் என்று எதிர்பார்த்தார்.

"அட, பொழச்சுட்டாரு!" என்றது ஒரு குரல்.

"இருக்கட்டும்யா, பாவம்" என்றது இன்னொன்று.

அவ்வளவுதான். அந்த அமைதிதான் அவரை உலுக்கியது. உற்றுப் பார்த்தார். ஒருவர் செல்போனில் வந்த எதையோ படித்துவிட்டுப் பக்கத்து ஆளின் காதில் என்னவோ சொன்னார். அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். வரிசை வரிசையாக அந்தக் கிசுகிசு நகர்ந்தது.

"ஏதோ பேசி முடிவு பண்றாங்கடா" என்றார் மேனேஜர்.

"படத்தைப் பத்தி இருக்கும் சார்."

"இல்ல. பசி வந்துருச்சு. பாப்கார்ன் மெஷினைப் போடு. எல்லாருக்கும் ஃப்ரீ!"

"ஏசி ஓடும்போது அதைப் போட்டா..."

"போடுன்னா போடு!"

ஆபரேட்டர் இறங்கிப் போய்ப் போட்டார். ஃபியூஸ் போனது. ஏசி, திரை, விளக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தன.

மேனேஜர் அரங்குக்குள் ஓடினார். செல்போன் டார்ச் மோவாய்க்குக் கீழிருந்து அடிக்க, அவர் முகம் மட்டும் இருட்டில் மிதந்தது. குழந்தை வீலென்று அலறியது.

"யாரும் பயப்பட வேண்டாம்!" என்று கத்தினார். "கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு!"

கதவைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

"சரிங்க சார்" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், ரொம்பப் பதமாக. "நீங்க இப்படிக் கொஞ்சம் உக்காருங்களேன்."

"எதுக்கு?"

"தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே." பெரியவர் அவர் கையைப் பிடித்து மெல்ல அமுக்கினார். எடை பார்க்கிறார் என்று மேனேஜருக்குத் தோன்றியது. பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவினார். அவர் எந்தப் பகுதியைப் பார்க்கிறாரோ!

"காலையிலேருந்து எதுவும் சாப்பிடலையா சார்?" இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. "இந்தாங்க, பிஸ்கட். ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கிட்டோம். இது உங்க பங்கு."

பிஸ்கட்!

மேனேஜர் கையை உதறிக்கொண்டு ஓடினார். முன்கூடத்தில் டிக்கெட் கவுண்ட்டருக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். பின்னாலேயே காலடிச் சத்தம். ஒவ்வொருவராக வெளியே வந்து கவுண்ட்டரைச் சுற்றி நின்றார்கள்.

"சார், உள்ளே காத்து வருதா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க!" என்றார் மேனேஜர்.

"நல்லா இருக்கட்டும் சார். தாழை மட்டும் எடுத்துடுங்க."

"மாட்டேன்! எனக்கு சுகர் வேற இருக்கு! பிரஷரும் இருக்கு!"

"ஐயையோ" என்று பலர் சேர்ந்தாற்போல் வருத்தப்பட்டார்கள். அதை அவர் ஏமாற்றம் என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் ஷட்டரில் 'கிர்ர்ர்' என்று கட்டர் பாய்ந்தது. தீப்பொறி சிதறி, தகரம் வளைந்து, ஆள் உயரத்துக்கு வெயில் உள்ளே விழுந்தது. வெல்டர் தலையை நீட்டி, சாப்பிட்ட ஏப்பத்தோடு, "வாங்க" என்றார்.

"தள்ளாதீங்க! மிதிக்காதீங்க! வரிசையா போங்க!" டிக்கெட் ஓட்டைக்குள்ளிருந்து மேனேஜர் கதறினார்.

அவர்கள் ஏற்கெனவே வரிசையில்தான் நின்றிருந்தார்கள். பெரியவர்களை முன்னே விட்டு, ஒருவருக்கொருவர் கை கொடுத்து, நிதானமாக வெளியேறினார்கள். கடைசியாக, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் டிக்கெட் ஓட்டைக்குக் குனிந்தாள்.

"இனிமே வெளிய வரலாம்ண்ணே. ஷட்டர் மாட்டிக்கிட்டது எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்; நீங்க ஏற்கெனவே எதுக்கோ பதறிக்கிட்டிருந்தீங்களா, இதையும் சொன்னா தாங்க மாட்டீங்கன்னுதான் யாரும் உங்ககிட்ட மூச்சுவிடாம உக்காந்து படம் பார்த்தோம்."