முத்தலிப் சேர்த்த கடதாசிகள்

ஏறாவூரில் இருபத்தாறு வருடம் பெண்சாதி வீட்டில் இருந்த முத்தலிப் ஒரு காலையில் துணிந்துவிட்டார். இந்த வீட்டை விற்பது. ஓட்டமாவடியில் தன் பெயரில் ஒரு வீடு வாங்குவது. தெருவில் அவருக்கு இன்றைக்கும் "றஸீனாட மாப்பிள்ளை" என்றுதான் பெயர். தலை நரைத்தும் மாப்பிள்ளை. தபால்காரனுக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மனுசனுக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

ஒரேயொரு இடைஞ்சல். வீடு றஸீனாவுக்குச் சீதனமாக வந்தது, வீட்டுப் பத்திரமான உறுதியும் அவள் பெயரில். மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, தேத்தண்ணி நேரத்தில் பேச்செடுத்தார்.

"வீட்ட விப்பம் புள்ள."

"ஓம், விப்பம்," என்றாள் றஸீனா.

அவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. சண்டைக்கென்று தயாரித்த பதில்கள் எல்லாம் வீண்.

"அப்ப கையெழுத்து வெப்பியா?"

"வெக்காம? ஆனா கடதாசி ஒண்டும் ஒழுங்கா இல்லையே. முதல்ல அதுகள எடுங்க."

முத்தலிப் பறந்தார். உறுதிப் பிரதிக்குக் காணிப் பதிவுக் கந்தோர் படியேறினார். வீட்டுக்குக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டுகளைத் தேடி அலுமாரியைக் கவிழ்த்தார். காணி அளக்கும் சேவையரைக் கூட்டி வந்து, உச்சி வெயிலில் நாடா பிடித்தார். பக்கத்து வளவு மச்சான் உசனாரின் வேலி ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக மச்சானை எதிர்த்துப் பேசி, அதையும் தள்ளிப் போட வைத்தார். ஒவ்வொரு கடதாசியையும் வாங்கிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், உங்களப் போல ஆரு ஓடுவா," என்பாள் றஸீனா. மனுசன் இன்னும் வேகமாக ஓடினார்.

இரண்டு மாதத்தில் கோப்பு நிறைந்தது.

"றிஸ்னாட வாப்பா," என்றாள் றஸீனா, "உறுதி எழுதுற நொத்தாரிசு வரச் சொன்னாரு. நல்ல சேட்டாப் போடுங்க."

இருவரும் போனால், அங்கே மகள் றிஸ்னா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்குற ஆள் எங்க?"

"ஆரு வாங்குற? மகளுக்கு நல்ல இடம் ஒண்டு வந்திருக்கு. வீட்ட அவள்ட பேருல எழுதாம நிக்காஹ் பேசேலுமா? கடதாசிக்கு எங்க போற எண்டு முழிச்சிட்டு இருந்தன். நீங்களே எடுத்துத் தந்திட்டீங்க."

"விப்பம் எண்டியே?"

"எண்டன். எப்ப எண்டு சொன்னனா?"

"அப்ப நாம எங்க இருக்கிற?"

"மகள்ட வீட்டுல."

முத்தலிப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வாப்பா," என்று றிஸ்னா சிரித்தாள். அவருடைய கோபம் அந்த இடத்திலேயே கரைந்து, கண்ணும் கலங்கிவிட்டது.

நொத்தாரிசு பேனாவை நீட்டினார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டின் உறுதியில் முத்தலிபின் சொந்தப் பெயரும் ஏறியது, இரண்டாம் சாட்சியாக.