சம்பந்தியைத் திருப்பி அனுப்பிய செயலி

மயூர் விஹார், டெல்லி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய பாலசுப்ரமணியம் அண்ணாச்சி அவர்களுக்கு,

ராஜவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அண்ணாச்சியும் மதினியும் தம்பி ப்ரணவும் கிட்வாய் நகரில் சுகமாயிருக்க நெல்லையப்பர் அருள வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதும்படியாக ஒன்றுமில்லை. 'சம்பந்தி' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்த உரிமை மிச்சமிருக்கிறதா என்று தெரியாததால் 'அண்ணாச்சி'யோடு நிறுத்திக்கொண்டேன். இந்தக் காலத்தில் இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்களுக்குப் போன் போட்டால் ஒரு மணி அடித்துவிட்டு அறுந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் தங்கள் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை தெரிகிறது. அப்படியென்றால் ப்ளாக் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமாம், எதிர் ஃப்ளாட்காரர் விளக்கினார். ஸ்பீட் போஸ்டை யாரும் ப்ளாக் செய்ய முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். சர்க்காரில் ஆயுசு முழுக்கக் குறிப்பெழுதிய கைதான், ஆனாலும் இதற்கு நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் போன வருஷம் எவனோ ஏ.சி.யின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து கேட்டில் ஒரு செயலி வந்து குடியேறிவிட்டது. யார் வந்தாலும் காவலாளி அவர்களை நிற்கவைத்துப் படம் பிடித்து, ஃப்ளாட் நம்பரைத் தட்டுவான். வீட்டிலிருக்கிற எல்லார் போனும் கத்தும். பச்சையை அமுக்கினால் உள்ளே விடுவான், சிவப்பை அமுக்கினால் திருப்பி அனுப்புவான். கேட்க நன்றாயிருந்ததால் பொதுக்குழுவில் நானே கையைத் தூக்கி ஆதரித்தேன், அந்தக் கையை உடைக்க வேண்டும். வேலைக்கார அம்மாளை அது பாதி நாள் திருப்பி அனுப்பும். தண்ணீர் மெஷின் விற்கிறவனை மட்டும் ஒருநாளும் தடுத்ததில்லை. அவன் வந்து சோஃபாவில் உட்கார்ந்து தண்ணீரும் குடித்த பிறகு, 'உங்கள் விருந்தினர் வந்துவிட்டார்' என்று மணியடித்துச் சந்தோஷப்படும். ஒருநாள் பால் வாங்கித் திரும்பியபோது புதுக் காவலாளி என்னையே படம் பிடித்தான். அந்தப் படம் என் போனுக்கே போனது. போன் வீட்டில் இருந்தது. என் மனைவி லீலாவதி குளிக்கப் போயிருந்தாள், மகள் நல்ல தூக்கத்தில். சொந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு நானே அனுமதி கொடுக்க முடியாமல் பால் திரிந்துபோகிறவரை நின்றேன், அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் நாலு பேர் பெண் பார்க்க வருகிறீர்கள் என்று லீலாவதி விடியற்காலையிலேயே எழுந்து தேங்காய்ப் பால் பிழிந்து மாப்பிள்ளைச் சொதி வைத்தாள். கல்யாணம் முடிந்து வைக்கிறதை இன்றைக்கே வைக்கிறாயே என்றேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றாள். என் மகள் சிந்து உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் கடமை தவறாமல் போனைக் கையில் எடுத்தேன். செயலி, புதுப்பித்தால்தான் வேலை செய்வேன் என்றது. புதுப்பிக்கப் போனால் இடமில்லை என்றது. இடம் பண்ணலாமென்று ஓய்வுபெற்றோர் குழுவில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களை அழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு சாமி. கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் சாமியை எப்படி அழிப்பது? ஒவ்வொருவராக வழியனுப்பி முடித்தால் ஓ.டி.பி. கேட்டது. வந்த ஓ.டி.பி.யைக் கண்ணாடி தேடி எடுத்து அடிப்பதற்குள் அது காலாவதி. பிறகு போனே தன்னை அணைத்துக்கொண்டு, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. நீங்கள் கேட்டில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது அந்த நேரம்தான். லீலாவதியின் போன் ஃப்ரிட்ஜ் மேலே சார்ஜில் கிடந்தது, அவள் கையெல்லாம் தேங்காய். ஆக, எங்கள் வீட்டில் யாரும் எதையும் அமுக்கவில்லை. செயலி தானாகவே தன் சிவப்பை அமுக்கிக்கொண்டது.

பால்கனியிலிருந்து பார்க்கிறேன், உங்கள் கார் ரிவர்ஸ் எடுக்கிறது. லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஓடிவந்தேன். காவலாளி, "அங்கிள்ஜி, ஊபர் ஸே மனா ஹோ கயா" என்கிறான். மேலேயிருந்து வேண்டாமென்று வந்துவிட்டதாம்! "எவன்டா மனா பண்ணினது?" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் காட்டிய பதிவைப் பார்த்தேன். மதினி கையில் பழத்தட்டு இருந்ததால் உங்கள் நாலு பேரையும் 'டெலிவரி' என்று பதிந்திருக்கிறான், பாவி. அந்த மே மாத வெயிலில் மதினி பட்டுப்புடவையோடு நின்று, டெலிவரியாகப் பதிவாகி, வேண்டாமென்று திரும்பிப் போனார்களே!

விட்டேனா? கம்பெனிக்குப் புகார் செய்தேன். மனுஷனே கிடையாது. ஆஷா என்று ஒரு யந்திரம், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றது. என் பெண் கல்யாணம் நின்றுபோகப் போகிறதம்மா என்று விவரமாக எழுதினேன். "அந்த விருந்தினரை நிரந்தரமாகத் தடை செய்யட்டுமா?" என்று கேட்டது. மறுநாள் காலையில் பதில்: 'தங்கள் ஃப்ளாட்டில் பதிவான உறுப்பினர் ஒருவரே மறுத்துள்ளார். பிரச்சினை தீர்ந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் வழங்கவும்.' யந்திரமும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது! பதிவானவர்கள் மூன்றே பேர். நான் அமுக்கவில்லை. லீலாவதியிடம், "நீதான் கை தவறித் தொட்டிருப்பே" என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, ஃப்ரிட்ஜில் மிச்சமான சொதியைத் தட்டில் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள். சிந்துவைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, குழந்தைக்கு இதில் என்ன தெரியும்?

அண்ணாச்சி, ஆறு ஜாதகம் தட்டிப்போய் அமைந்த இடம் இது. டெல்லியிலேயே வேலை, நம்ம ஊர்க்காரர்கள், ப்ரணவ் தங்கமான பிள்ளை. இனி நான் எங்கே போய்த் தேடுவேன்? ராத்திரி படுத்தால் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணுக்கு ஒரு வழி பண்ணாமல் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. பெரிய மனசு பண்ணி இன்னொரு தடவை வாருங்கள். கேட்டில் நானே நிற்கிறேன். செயலியை மூன்று போனிலிருந்தும் பிடுங்கிப் போட்டுவிடுகிறேன். பெற்ற தகப்பன் கெஞ்சிக் கேட்கிறேன்.

மதினிக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். தம்பி ப்ரணவுக்கு ஆசிகள், அவர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ராஜவேல்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது சிந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "இவ்ளோ பெரிசா யாருக்குப்பா? படிச்சுக் காட்டுங்க" என்றாள். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். சாமி படம் அழித்த இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. முடித்ததும், "அம்மாவைத் திட்டாதீங்க. ஆப்ல கராபி, கோளாறு ஒண்ணும் இல்லப்பா. போட்டோ வந்துது, நாலு பேரும் சாஃபா தெரிஞ்சாங்க. நான்தான் ரெட் அமுக்கினேன்" என்றாள். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். "எவ்ளோ தடவை ஆரம்பிச்சேன்! நீங்க ஜாதகம் ஏ-ஒன்னா பொருந்தியிருக்குன்னே சொல்லிட்டிருந்தீங்க. இவங்களை உள்ளே விடலாமா வேண்டாமான்னு அந்த ஆப்தான்பா என்னைக் கேட்டுச்சு. வேற யாரும் கேக்கல" என்றாள்.

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. கேள்விதான் வந்தது. "சரி, இப்ப நான் கேக்கறேன். வரச் சொல்லவா, வேண்டாமா?" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே, "வேண்டாம்பா" என்றாள்.

ஆகவே மேலே செயலியையும் காவலாளியையும் லீலாவதியையும் பற்றி எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மறுபடி வரச் சொன்னதையும்தான். வேறு கடிதம் எழுதிப் பொய்க்காரணம் சொல்ல மனசு வரவில்லை, இதையே அனுப்புகிறேன். உங்களை வெயிலில் நிறுத்தியதற்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் போதாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. தம்பி ப்ரணவை நீங்கள் கேட்டீர்களா?